பக்கத்து வீட்டுக் குழம்பு

2011 ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரின் ‘டுடே’ நாளிதழில் அண்டைவீட்டுத் தகராறுகளைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அதில் ஒரு சம்பவம். அடுக்குமாடி வீடொன்றில் இருந்த இந்தியக் குடும்பம் குழம்பு வைக்கும் வாசனை தாங்க முடியவில்லை என்று, சீனாவிலிருந்து புதிதாக வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய குடும்பம் முறையிட்டிருக்கிறது. இந்தியக் குடும்பம் அதற்கு முன்பே கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டுதான் சமைத்துவந்திருக்கிறது. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. பக்கத்து வீட்டார் வெளியே போயிருக்கும் நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பது, பதிலுக்கு அவர்கள் அந்தக் குழம்பை ஒருமுறையாவது ருசி பார்ப்பது என்று முடிவானது. நடந்தது ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு என்றும், இரு குடும்பமும் தாமாக ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான் அது என்றும் பிறகு விளக்கம் தரப்பட்டது. அதற்குள் ஊர் கொதித்துவிட்டது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் குழம்பு வைப்போம், அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்து உண்போம் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு கிளம்பியது. 50,000க்கும் அதிகமானோர் தாங்களும் சேர்ந்துகொள்வதாகப் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நாடகாசிரியர் அல்ஃபியான் சாஅத் குழம்பு வைக்கும் அந்த அழைப்பையே தலைப்பாக வைத்து எழுதிய நாடகத்தை ‘வைல்ட் ரைஸ்’ குழு மேடையேற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மேடை இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, வரவேற்புரையும் நன்றியுரையும் இல்லை. யாரும் அடுத்த இனத்தாரின் உடையை உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. ஆனாலும் இந்த நகரம் தன் பன்மையைக் கொண்டாடிய நாள்களில் அது தனியாக நிற்கிறது என்றே நினைக்கிறேன். பல பண்பாடுகளைக் கொண்டாடுவதாகச் சொல்லும் எந்த விழாவிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது பக்கத்து வீட்டுக்காரரிடம் எதைக் கேட்கிறது? உட்கார்ந்து பார்த்துக் கைதட்டுவதில் யாருக்கும் சிரமம் கிடையாது. மேளச் சத்தம், ஊதுவத்திப் புகை, மறிக்கப்பட்ட சாலை, தூக்கம் கெட்ட ஓர் இரவு, அரைத்துவிட்ட மசாலா கொதிக்கும் வாசனை, இவற்றில் ஒன்றையாவது இன்னொருவர் பொறுத்துக்கொள்ளவேண்டி வரும்போதுதான் பன்மை என்பது அன்றாட வாழ்க்கைக்குள் வருகிறது. அந்தப் பொறுமையை அவர் நமக்குத் தருகிறார். நாமும் அவருக்குத் தரக் கடன்பட்டிருக்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காத விழா எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும், விழா முடிந்த மறுநாள் அந்த இரு வீட்டாருக்கும் இடையில் எதையும் மாற்றியிருக்காது.

சிங்கப்பூர்ப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஜூலை 21ஆம் தேதியை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. 1997இல் தொடங்கிய வழக்கம். பிள்ளைகள் சேலை, பாஜு குரோங், சியோங்சாம் உடுத்தி வருவார்கள். சிங்க நடனமும் மலாய் சாப்பின் நடனமும் பரதநாட்டியமும் அடுத்தடுத்து வரும். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்த காரணம் இதைவிட கனமானது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் போனது. வழியில் மூண்ட மோதல் இனக் கலவரமாகி 23 பேர் உயிரிழந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் இரண்டாம் முறை மூண்டபோது மேலும் 13 பேர் மாண்டார்கள். அன்று தகராறு ஒரு தெருவில், ஓர் ஊர்வலத்தின் ஓரத்தில் நடந்தது. யார் எப்படி நடப்பது, யார் எங்கே நிற்பது, யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்விகளில் நடந்தது. அந்த நாளின் நினைவாக நடக்கும் விழாவில் தெரு இல்லை. பள்ளிக்கூட மண்டபம் இருக்கிறது. எது பற்றி எரிந்ததோ அதைப் பற்றிப் பேசாமல், யாரையும் உறுத்தாத உடையையும் நடனத்தையும் அந்த நாள் எடுத்துக்கொண்டுவிட்டது. பிரிட்டனிலும் 1980களில் பள்ளிகளின் பன்மைக் கல்வி சமோசா, சேலை, ஸ்டீல் பேண்ட் என்ற மூன்றோடு நின்றுவிடுவதாகக் கல்வியாளர்கள் குறை சொன்னார்கள். சிங்கப்பூரில் பல இனக் கொள்கையே சமூகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவியாகவும் பயன்பட்டது என்று சமூகவியலாளர் சுவா பெங் ஹுவாட் 2003இல் வாதிட்டார். அவ்வளவு தூரம் போக எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மண்டபத்துக்கும் தெருவுக்கும் உள்ள இடைவெளியை அவர் சரியாகவே பார்த்தார்.

1973ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். அதற்கு முந்திய ஆண்டு பட்டாசு முழுமையாகத் தடை செய்யப்பட்டிருந்தது. சத்தமில்லாத சீனப் புத்தாண்டு சோபை இழந்துவிடும் என்பதால், 1973 பிப்ரவரியில் மக்கள் கழகமும் தற்காப்புக் கலைச் சங்கமும் சேர்ந்து சிங்கே ஊர்வலத்தை நடத்தின. ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் பார்க் வரை சிங்க நடனமும் பெரிய கொடிகளும் முரசும் போயின. பின்னாளில் மலாய், இந்தியக் குழுக்களும் சேர்ந்து, இன்று பன்மையின் திருவிழா என்று அரசாங்கமே பெருமையோடு காட்டும் நிகழ்ச்சி அது. அதே 1973இலிருந்து தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்குத் தடை வந்தது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் அலகு குத்திக் காவடி சுமந்து நடப்பவருக்கு உறுமியும் தவிலும் கூட வராது என்றானது. போட்டிக் குழுக்களுக்கு இடையே நடந்த அடிதடிதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்தக் காரணம் பொய்யில்லை. ஆயினும் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அரசு ஏற்பாடு செய்த முரசுக்குத் தெருவில் இடம் கிடைத்த ஆண்டில், பக்தர்கள் தாமாகக் கொண்டுவந்த முரசு இடத்தை இழந்தது. தைப்பூசம் 1968இலேயே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. விடுமுறைகள் 11ஆகக் குறைக்கப்பட்டபோது முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளையும் கிறிஸ்துவர்கள் ஈஸ்டர் சனிக்கிழமையையும் விட்டுக்கொடுத்தார்கள்; இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 36 உயிர்களைப் பறிகொடுத்த ஊர், ஊர்வலம் என்றாலே அஞ்சுவதைக் குறை சொல்ல முடியுமா? 1964க்குப் பிறகு சமய நடை ஊர்வலங்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கும் விலக்கு தந்திருக்கிறோம், அதுவே பெரிய சலுகை என்று அரசு தரப்பு விளக்கியிருக்கிறது. அந்த எச்சரிக்கையின் நியாயத்தை நான் ஏற்கிறேன். தெருவில் கூட்டம் கூடினால் பொறுப்பு ஏற்பவர் ஒருவர் வேண்டும். ஆனால் சத்தத்தை அடக்கினால் உறவு வளர்ந்துவிடும் என்ற முடிவு அந்த எச்சரிக்கையிலிருந்து தானாக வருவதில்லை. தடையில் யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. பேசவேண்டி வந்தது தடை தளர்ந்தபோதுதான். 2015இல் ஊர்வலத்தின்போது மேளம் வாசித்ததையொட்டி நடந்த கைகலப்புக்கும் கைதுகளுக்கும் பிறகு இந்துச் சமூகத்தில் பெரும் மனக்குறை எழுந்தது. இந்து அறக்கட்டளை வாரியம், கோயில்கள், அதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். 2016இல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. எங்கே வாசிப்பது, எத்தனை மணிவரை வாசிப்பது என்றெல்லாம் வரையறை உண்டு. முழு வெற்றி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ, எந்தக் கலை நிகழ்ச்சியையும்விட அந்தப் பேச்சுவார்த்தைதான் பன்மையின் உண்மையான பயிற்சியாகப் படுகிறது.

மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சியால் ஒரு கேடும் இல்லையே, ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுதானே முதல் அறிமுகம் என்றும் கேட்பார்கள். உண்மைதான். சேலை கட்டிக்கொண்ட சீனச் சிறுமியின் மகிழ்ச்சியை நான் எதிர்க்கவில்லை. அந்த அறிமுகத்தோடு பாடம் முடிந்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அடுத்த பாடம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வசிக்கிறார்கள். 1989இலிருந்து நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இந்தியரும் பிற இனத்தாரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது, ஓர் இந்தியக் குடும்பம் குழம்பு தாளிக்கும்போது அந்த வாசனை வேற்று இனத்தார் வாசலுக்குப் போகும் என்பது இந்நாட்டில் சட்டப்படியே உறுதி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் காகிதப் பணம் எரித்த சாம்பல் காற்றில் வந்து, மூங்கில் கழியில் காயும் வேட்டியில் ஒட்டும். கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணம் நடந்து கொம்பாங் கொட்டு மேல்மாடி வரை கேட்கும். அடுத்த வாரம் அதே கீழ்த்தளத்தில் சீனர் வீட்டுத் துக்கத்துக்கு நீலத் திரை கட்டி, இரவெல்லாம் ஆள் விழித்திருப்பார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே தரையைப் பங்கிட்டுக்கொள்ளும் மக்களுக்குப் பன்மையைப் பற்றிச் சொல்லித்தர வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அந்தத் தரையைப் பங்கிடுவது எப்படி என்ற கதைகள்தான் ஜூலை 21 அன்று வகுப்பறையில் சொல்லப்படவேண்டும். அங்கே சச்சரவும் வந்திருக்கும், அது தீர்ந்தும் இருக்கும்.

நகரின் பழைய தெருக்களில் இந்தப் பங்கீடு கல்லிலும் சுதையிலும் நிற்கிறது. சைனாடவுனின் நடுவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. சில அடி தள்ளிப் போனால் அதற்கு ஓராண்டு முன்பு தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். ஐப்பசியில் தீமிதி நாளன்று பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் பக்தர்கள் இரவு முழுக்க நகரைக் கடந்து வந்து இங்கே பூக்குழி இறங்குகிறார்கள்; சீனக் கடைகள் நிறைந்த தெரு அவர்களுக்காக ஒதுங்கிக்கொள்கிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் யினை வணங்கிய சீன மூதாட்டி அப்படியே நாலடி நடந்து கிருஷ்ணன் சன்னிதிக்கு எதிரே ஊதுவத்தியை இரு கையிலும் உயர்த்திப் பிடிப்பார். வாசலில் அதற்கென்றே ஊதுவத்திச் சட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகமத்தில் அந்தச் சட்டிக்கு இடமில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். வைத்தவர்கள் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. தம் வாசலில் ஒரு முழம் இடம் கொடுத்தார்கள். ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களில் பெருமையாகப் பரிமாறப்படும் மீன்தலைக் கறியும் இப்படிப் பிறந்ததுதான். சீனர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்ட மலையாளி ஒருவர், 1949 வாக்கில், தம் கடையில் அதைக் குழம்பில் போட்டார் என்பார்கள்.

சிங்கப்பூர்த் தமிழர் தமக்குள்ளேயே இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ‘தமிழ் முரசு’ நிறுவிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். அப்போது துறைமுகம், நகராட்சி, கடற்படைத் தளம் என்று பிரிந்து கிடந்த தமிழர்கள் சாதியாலும் ஊராலும் சமயத்தாலும் இன்னும் பலவாறாகப் பிரிந்திருந்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் எல்லாரும் சேர்ந்து நிற்கத் தோதான நாள் தை முதல் நாள் என்று அவர் கண்டார். அதுவும் பொறுமையைக் கேட்ட விழாதான். பக்தர்கள் தம் கோயில் விழாவுக்கு அப்பால் ஒரு விழாவை ஏற்கவேண்டியிருந்தது. சீர்திருத்தக்காரர்கள் பக்தரோடு ஒரே வரிசையில் உட்காரவேண்டியிருந்தது. அதே காலத்தில் அவர் இன்னொன்றையும் விடாமல் சொல்லிவந்தார்: இந்த நாட்டில் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். திருவாரூரிலிருந்து 1924இல் வந்து, பெரனாக்கான் சீனப் பெண்ணை மணந்து, இங்கேயே வாழ்ந்தவர் அவர். வந்துபோகும் கூலிக்காரராக எண்ணப்பட்ட மக்கள் வீட்டுக்காரராக மாறினால்தான் அவர்கள் விழா வேடிக்கைப் பொருளாக இல்லாமல் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, என் வாதத்துக்கே எதிராக நிற்கும் கேள்விக்கு வருகிறேன். குழம்பு ஞாயிற்றுக்கிழமையில் எல்லா இனத்தாரையும் ஒன்றுசேர்த்தது எது? அன்பு மட்டும்தானா? நேர்மையாகப் பார்த்தால், சீனாவிலிருந்து வந்த புதியவர்மீது இருந்த எரிச்சலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 2011 மே பொதுத் தேர்தலில் குடியேற்றம்தான் சூடான பேச்சு. இங்கே பிறந்த சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் குழம்புச் சட்டியைச் சுற்றி ஒரு குடும்பமானபோது, வாசலுக்கு வெளியே ஒருவர் நிறுத்தப்பட்டார். அந்தச் சமரசத்தில் பாதியை எல்லாரும் மறந்தார்கள் என்பதும் உண்மை: புதிதாக வந்த குடும்பம் குழம்பை ருசி பார்க்க ஒத்துக்கொண்டிருந்தது. அன்று பதிவு செய்த 50,000 பேரில் சிலரேனும் தம் புளோக்கில் இருந்த புதிய குடும்பத்தின் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் நீட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அப்படி நடந்த வீடுகளில்தான் அது பன்மையின் விழா. நடக்காத இடங்களில் அது பழையவர்களின் ஒற்றுமை விழா. இன்னொன்றும் சொல்லவேண்டும். முதலில் சன்னலைச் சாத்தியது சிறுபான்மைக் குடும்பம். 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. எண்ணிக்கையில் இப்படிச் சாய்ந்த ஊரில் பொறுத்துப்போ என்ற அறிவுரை பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். ஆகவே பொறுமை கேட்கும் விழாவே சிறந்தது என்று நான் சொல்வதோடு, யார் எத்தனை முறை பொறுத்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அந்தக் கணக்கில் யாருமே எழுதாத பெயர்கள் லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடுகின்றன. தீபாவளி ஒளியலங்காரம், பொங்கலுக்கு மாடு கொண்டுவந்து கட்டுதல், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் எல்லாம் அழகான, தேவையான காரியங்கள். ஆனால் அந்த வட்டாரத்தின் நடப்பு விழா ஞாயிற்றுக்கிழமைதான். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆறு நாள் உழைத்த தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்கள் வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், பெருமாளையும் காளியம்மனையும் சேவிக்கிறார்கள், அங்கூலியா பள்ளிவாசலில் தொழுகிறார்கள், புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரிக்கிறார்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் வெடித்த கலவரத்துக்குப் பிறகு, அந்தக் கூட்டம் கட்டுப்படுத்தவேண்டிய ஒன்றாகவே பார்க்கப்பட்டது. 2015 சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக்கியது. 2020இல் கொவிட் நோய்த்தொற்று ஊழியர் விடுதிகளை அடைத்தது. 2022 ஜூனில் விடுதிவாசிகள் வெளியே போவதற்கான கட்டுப்பாடு தளர்ந்தபோதும், ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் நான்கு இடங்களுக்குப் போக முன் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றிருந்தது. அந்த நான்கில் லிட்டில் இந்தியாவும் ஒன்று. தீபாவளி பொது விடுமுறை. அந்த ஆண்டு தீபாவளியன்று சிராங்கூன் சாலை விளக்கைப் பார்க்க எந்த நாட்டுச் சுற்றுப்பயணியும் நேரே போக முடிந்தது. விடுதியில் இருந்த தமிழ் ஊழியர் அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

வாரம் ஏழு நாளும் அங்கே குடியிருப்பவர்களின் குறையை நான் தள்ளிவிடவில்லை. மின்தூக்கி வாசலில் கூட்டம், படிக்கட்டில் குப்பை, பிள்ளைகள் விளையாட இடமில்லை என்பதெல்லாம் நிஜமான தொல்லைகள். தைப்பூச மேளமும் ஒருகாலத்தில் தொல்லைதான். அதற்கு மேசை போட்டுப் பேசி மணிக்கணக்கும் இடக்கணக்கும் வகுக்க முடிந்ததென்றால், காரணம் பேச வந்த இருதரப்பும் இந்நாட்டின் வீட்டுக்காரர்கள். 1952இல் சாரங்கபாணி திரட்டிய மக்கள் இருந்த இடத்தில்தான் இன்று இந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை என்ற வழி மட்டும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. விழாவிலாவது அந்த வழியைத் திறக்கலாம். தீபாவளிக்கு எந்தச் சாலையை எத்தனை மணிவரை மூடுவது, மேடை எங்கே, கழிப்பறை எத்தனை, குப்பையை யார் அள்ளுவது என்று கடைக்காரர் சங்கமும் நகர மன்றமும் காவல்துறையும் பேசும் கூட்டத்தில், துவாஸிலிருந்தும் சுங்கை காடுட்டிலிருந்தும் விடுதிவாசிகள் சிலர் விருந்தாளியாக இல்லாமல் ஏற்பாட்டாளராக உட்காரட்டும். அவர்களும் குடியிருப்பாளர்களிடம் ஒரு புல்வெளியையும் இரவு பதினொரு மணிவரை கொஞ்சம் பாட்டுச் சத்தத்தையும் கேட்கட்டும். குடியிருப்பாளர்களும் தம் படிக்கட்டைச் சுத்தமாக வைத்துத் தரும்படி அவர்களிடம் கேட்கட்டும்.